சேமித்த கான்ஃபிக் இருக்கிறது, ஆனால் ரவுட்டர் வெறுமையாகவே எழுகிறது

முதல்_ரவுட்டர் | செவ்வாய், இரவு 9:12

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக ஒரு சிஸ்கோ ரவுட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன் அதைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார், குறிப்பு எதுவும் வைக்கவில்லை. ஐபி முகவரி, ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைப் பகிரும் முறை), ஏசிஎல் (எந்த டிராஃபிக்கை விடுவது என்ற பட்டியல்), பயனர் பெயர் என்று கான்ஃபிக் (அமைப்பு விவரங்கள்) முழுவதையும் போட்டு முடித்து, இப்போது ஓடும் ரன்னிங்-கான்ஃபிக்கை, எழும்போது படிக்கும் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்காகச் சேமிக்க "காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்" கொடுத்தேன். ஓகே என்று பதில் வந்தது. "ஷோ ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்" அடித்தால் நான் எழுதியது கடைசி வரி வரை இருக்கிறது.

ஆனால் பவரை அணைத்துப் போட்டால் எல்லாம் போய்விடுகிறது. இனிஷியல் கான்ஃபிகரேஷன் டயலாகுக்குள் போகலாமா, எஸ்ஸா நோவா என்று கேட்கிறது. நோ கொடுத்தால் வெறும் "ரவுட்டர்" என்ற பெயரோடு ப்ராம்ப்ட் வந்து நிற்கிறது. அந்த நிலையிலும் "ஷோ ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்" அடித்துப் பார்த்தேன். கான்ஃபிக் அங்கேயே பத்திரமாக இருக்கிறது! கையில் இருப்பதை ஏன் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது?

இப்போதைக்கு ஒவ்வொரு தடவையும் கன்சோல் கேபிளைச் செருகி, ஸ்டார்ட்டப்பை ரன்னிங்குக்கு காப்பி செய்து ஓட்டுகிறேன். அப்படிச் செய்தாலும் போர்ட்டுகள் எழுவதில்லை, ஒவ்வொன்றிலும் போய் "நோ ஷட்டவுன்" அடிக்க வேண்டியிருக்கிறது. சேமித்த கான்ஃபிக் தங்கும் என்விரேம் நினைவகம் பழுதா? பெட்டியையே மாற்ற வேண்டுமா?


நீலக்கேபிள் | செவ்வாய், இரவு 9:20

காப்பி கட்டளை இலக்குக் கோப்பின் பெயரைக் கேட்கும்போது வெறும் என்டர் தட்டினீர்களா, வேறு ஏதாவது அடித்தீர்களா? எனக்கு ஒரு தடவை அப்படி வேறு பெயரில் ஒரு கோப்பு உருவாகிவிட்டது. எதற்கும் "ரைட் மெமரி" (ரன்னிங்கை ஸ்டார்ட்டப்பாகச் சேமிக்கும் இன்னொரு கட்டளை) கொடுத்துப் பாருங்கள்.


இரவுப்பணி | செவ்வாய், இரவு 9:31

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பெட்டி வெறுமையாக எழுந்து நிற்கும்போது "ரைட் மெமரி" கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் ரன்னிங்-கான்ஃபிக்கில் ஒன்றும் இல்லை. அதைச் சேமித்தால் என்விரேமில் இருக்கிற உங்கள் நல்ல கான்ஃபிக் மேல் அந்த வெறுமையே போய் உட்காரும். மூன்று நாள் உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். ரீலோட் கொடுக்கும்போது "சிஸ்டம் கான்ஃபிகரேஷன் மாற்றப்பட்டிருக்கிறது, சேமிக்கவா" என்று கேட்டாலும் அந்த நிலையில் நோதான்.

நீலக்கேபிள் சொன்னது பொதுவாகச் சரியான சந்தேகம்தான். ஆனால் இங்கே "ஷோ ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்" முழுதாகக் காட்டுகிறது. சேமிப்பில் குறை இல்லை. எழும்போது அதைப் படிக்க வேண்டாம் என்று யாரோ பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"ஷோ வெர்ஷன்" அடித்து, கடைசி வரியை மட்டும் இங்கே போடுங்கள்.


முதல்_ரவுட்டர் | செவ்வாய், இரவு 9:44

நல்லவேளை, இன்னும் அடிக்கவில்லை.

கடைசி வரி: கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர் ஈஸ் 2142. முன்னால் சைபரும் எக்ஸும் இருக்கிறது, ஹெக்ஸ் (பதினாறடிமான) எண் என்று நினைக்கிறேன்.


இரவுப்பணி | செவ்வாய், இரவு 10:08

நினைத்தேன். என்விரேம் நன்றாக இருக்கிறது, பெட்டியை மாற்ற வேண்டாம்.

விவரமாகச் சொல்கிறேன், இது புரிந்தால் இனி எந்தப் பெட்டியிலும் தடுமாற மாட்டீர்கள். மின்சாரம் வந்ததும் ரவுட்டர் தன் வன்பொருளைச் சோதிக்கும். அப்புறம் ரோமில் இருக்கும் பூட்ஸ்ட்ராப் என்கிற சின்ன நிரல் ஓடும். அது முதலில் பார்ப்பது கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர் என்ற 16 பிட் எண்ணை. ஐஓஎஸ் என்ற சிஸ்கோ இயங்குதளத்தை எங்கிருந்து எடுப்பது, கன்சோலில் பிரேக் அடித்தால் கண்டுகொள்வதா, ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்கைப் படிப்பதா விடுவதா, எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. அதன்படி ஃப்ளாஷிலிருந்து ஐஓஎஸ் ரேமுக்கு வரும். ஐஓஎஸ் எழுந்த பிறகே ஸ்டார்ட்டப்-கான்ஃபிக் பேச்சு வரும்.

வழக்கமான மதிப்பு ஹெக்ஸ் 2102. அதைப் பிரித்தால் 2000, 100, 2 என மூன்று துண்டு. கடைசி இலக்கம் 2 என்றால், "பூட் சிஸ்டம்" வரிகள் இருந்தால் அவற்றின்படி, இல்லாவிட்டால் ஃப்ளாஷில் கிடைக்கும் ஐஓஎஸ்ஸைக் கொண்டு வழக்கம்போல் எழு என்று பொருள். அதே இடத்தில் 0 இருந்தால் ரோம்மானிலேயே (ஐஓஎஸ் ஏறாத அடிப்படைக் கன்சோல் நிலை) நின்றுவிடும். 100 என்பது ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக் விசையைக் கண்டுகொள்ளாதே என்பது. 2000 என்பது நெட்வொர்க்கிலிருந்து எழ முயன்று தோற்றால் ரோமில் உள்ளதைக் கொண்டு எழு என்பது.

உங்கள் 2142-இல் கூடுதலாக இருப்பது ஹெக்ஸ் 40, அதாவது 6-ஆம் பிட். அதன் ஒரே வேலை, என்விரேமில் இருக்கும் கான்ஃபிக்கைக் கண்டுகொள்ளாமல் எழு என்று சொல்வது. பாஸ்வேர்டு மறந்த பெட்டிக்குள் நுழையப் பயன்படுத்தும் வழி அது. பவர் போட்ட 60 நொடிக்குள் கன்சோலில் பிரேக் அடித்து ரோம்மானுக்குள் போய், "கான்ஃப்ரெக்" கட்டளையில் 2142 கொடுத்து, "ரீசெட்" அடிப்பார்கள். பெட்டி கான்ஃபிக் இல்லாமல் எழும், பாஸ்வேர்டும் கேட்காது. வேலை முடிந்ததும் 2102-க்குத் திருப்ப வேண்டும். உங்களுக்கு முன்னால் இருந்தவர் அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.


முதல்_ரவுட்டர் | செவ்வாய், இரவு 10:15

அண்ணா, மனசு லேசாகிவிட்டது. அப்படியானால் போர்ட்டுகள் ஏன் எழவில்லை? நான் சேமித்த கான்ஃபிக்கில் எந்தப் போர்ட்டிலும் "ஷட்டவுன்" வரி இல்லையே, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.


வேர்ப்பாலம் | செவ்வாய், இரவு 10:40

இதற்கு நான் பதில் சொல்கிறேன், பலரும் தடுக்கி விழும் இடம் இது.

"காப்பி ஸ்டார்ட்டப்-கான்ஃபிக் ரன்னிங்-கான்ஃபிக்" என்பது பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதில்லை. இருப்பதன் மேல் கலக்கிறது. ஸ்டார்ட்டப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் நீங்களே கீபோர்டில் அடித்தால் எப்படியோ அப்படி. எதிர்த் திசையில், அதாவது ரன்னிங்கிலிருந்து ஸ்டார்ட்டப்புக்குக் காப்பி செய்யும்போது மட்டும் முழுதாக மாற்றி எழுதும். ஒரே கட்டளை, இரண்டு திசையில் இரண்டு குணம்.

சரி, போர்ட்டுக்கு வருவோம். கான்ஃபிக் இல்லாமல் எழுந்த ரவுட்டரில் எல்லாப் போர்ட்டும் ஷட்டவுன் நிலையில் இருக்கும். திறந்திருக்கும் போர்ட்டுக்கு "நோ ஷட்டவுன்" என்று கான்ஃபிக்கில் எழுதுவதில்லை, ஷட்டவுன் என்ற சொல் அங்கே இல்லாததே அது திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். இப்போது இரண்டையும் கலந்து பாருங்கள். ரன்னிங்கில் "ஷட்டவுன்" இருக்கிறது, மேலே வந்து சேரும் உங்கள் கான்ஃபிக்கில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனவே ஷட்டவுன் அப்படியே நிற்கிறது. முறைப்படி எழும்போது இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் அப்போது ஸ்டார்ட்டப்பில் இருப்பதுதான் முழுக் கணக்கு.

கலக்காமல் மாற்ற வேண்டுமென்றால் "கான்ஃபிகர் ரீப்ளேஸ்" என்று தனிக் கட்டளை இருக்கிறது. அது இரண்டையும் ஒப்பிட்டு, கூடுதலாக இருப்பதை நீக்கவும் செய்யும்.


இரவுப்பணி | செவ்வாய், இரவு 10:52

அருமையாகச் சொன்னார். இப்போது செய்ய வேண்டியது, இதே வரிசையில்:

முதலில் "டெர்மினல் லெங்த் 0" கொடுத்து "ஷோ ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்" முழுவதையும் உங்கள் கணினியில் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து வையுங்கள். பிறகு எந்தத் தவறு நடந்தாலும் திரும்ப ஒட்டலாம். அப்புறம் வழக்கம்போல் ஸ்டார்ட்டப்பை ரன்னிங்குக்கு காப்பி செய்து, தேவையான போர்ட்டுகளில் "நோ ஷட்டவுன்" கொடுங்கள். குளோபல் கான்ஃபிக் மோடில் "கான்ஃபிக்-ரெஜிஸ்டர்" என்று அடித்து ஹெக்ஸ் 2102 கொடுங்கள். வெளியே வந்து "ஷோ வெர்ஷன்" பாருங்கள். கடைசி வரியில் 2142 என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் அடுத்த ரீலோடில் 2102 ஆகும் என்று இருக்க வேண்டும். அது இல்லாமல் மேலே போகாதீர்கள்.

பிறகு "ஷோ ரன்னிங்-கான்ஃபிக்" ஒரு தடவை முழுதாகப் படியுங்கள், குறிப்பாகப் போர்ட்டுகளில் "ஷட்டவுன்" மிச்சம் இருக்கிறதா என்று. எல்லாம் சரி என்றால் மட்டுமே ரன்னிங்கை ஸ்டார்ட்டப்புக்குச் சேமியுங்கள். கடைசியாக ரீலோட்.


முதல்_ரவுட்டர் | புதன், காலை 7:05

எழுந்துவிட்டது! டயலாக் கேள்வி இல்லை, நான் வைத்த பெயரோடு ப்ராம்ப்ட், பாஸ்வேர்டு கேட்கிறது, போர்ட்டுகள் எழுந்திருக்கின்றன, ஓஎஸ்பிஎஃப் அண்டை ரவுட்டரோடு ஃபுல் நிலைக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒன்றே ஒன்று மிச்சம். கன்சோலில் சில நிமிடத்துக்கு ஒரு தடவை டிஎஃப்டிபி (நெட்வொர்க் வழியாகக் கோப்பு எடுக்கும் எளிய முறை) பிழை ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. 255.255.255.255 என்ற முகவரியில் நெட்வொர்க்-கான்ஃப்ஜி என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, டைம்டு அவுட் என்று. எழும்போதும் இதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது போல இருந்தது. நான் எந்த டிஎஃப்டிபி சர்வரும் கொடுக்கவில்லையே?


நீலக்கேபிள் | புதன், காலை 7:30

கான்ஃபிக்கின் மேல் பகுதியில் "சர்வீஸ் கான்ஃபிக்" என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். "நோ சர்வீஸ் கான்ஃபிக்" கொடுத்துச் சேமித்தால் நின்றுவிடும். நேற்று அவசரப்பட்டு "ரைட் மெமரி" கொடுக்கச் சொன்னது என் தவறு, மன்னிக்கவும்.


இரவுப்பணி | புதன், காலை 8:10

அந்த வரி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செல்லுபடியாகும் கான்ஃபிக் இல்லாமல் எழுகிற பெட்டி, நெட்வொர்க்கில் யாராவது தனக்குக் கான்ஃபிக் தருவார்களா என்று தானாகவே தேடத் தொடங்கும். அதற்காக "சர்வீஸ் கான்ஃபிக்" தானாக இயங்கும். உங்கள் பெட்டி ஒவ்வொரு தடவையும் வெறுமையாக எழுந்ததால் அந்த வரியும் ரன்னிங்கில் இருந்திருக்கிறது, நீங்கள் சேமித்தபோது மற்றவற்றோடு அதுவும் சேர்ந்து போயிருக்கிறது.

இதைத் தொல்லை தரும் செய்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முகவரியைப் பாருங்கள், 255.255.255.255. அதாவது அந்த நெட்வொர்க்கில் இருக்கிற அத்தனை கணினியையும் கூவிக் கேட்கிறது. டிஎஃப்டிபியில் பாஸ்வேர்டு கிடையாது, அடையாளம் சரிபார்ப்பதும் கிடையாது. யுடிபி 69-ஆம் போர்ட்டுக்குப் போகும் அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்பவர் தரும் கோப்பை ரவுட்டர் நம்பி ஏற்றிக்கொள்ளும். அதற்குள் ஒரு புதுப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருந்தால் கதை முடிந்தது. எனவே கட்டாயம் நிறுத்துங்கள்.


ரேக்42 | புதன், காலை 9:26

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். நெட்வொர்க்கிலிருந்து கான்ஃபிக் ஏற்றுவது ஏதோ பழைய ஓட்டை என்பது போல் பேச்சு போகிறது. நூற்றுக்கணக்கான பெட்டிகளை நிறுவுகிறவர்கள் ஒவ்வொன்றிலும் கன்சோல் கேபிளோடு உட்கார முடியாது. பெட்டி அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வருகிறது, கேபிள் செருகப்படுகிறது, முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடம் முகவரி வாங்குகிறது. அந்தப் பதிலிலேயே 66-ஆம் ஆப்ஷனில் சர்வரின் பெயர், 67-இல் கோப்பின் பெயர், சிஸ்கோ என்றால் 150-ஆம் ஆப்ஷனில் டிஎஃப்டிபி சர்வர்களின் முகவரிகள். பெட்டி போய்த் தன் கோப்பை எடுத்துக்கொள்கிறது. இரும்புச் சாமானைச் செருகத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும்.

ஒருபடி மேலே போய், ஒவ்வொரு தடவை எழும்போதும் சர்வரிலிருந்தே எடுக்க வைக்கலாம் என்பது என் கட்சி. உண்மையான கான்ஃபிக் ஓரிடத்தில் இருக்கும். பெட்டிக்குள் யார் என்ன மாற்றி வைத்திருந்தாலும் ரீபூட்டில் சரியாகிவிடும்.


இரவுப்பணி | புதன், காலை 10:02

முதல் பத்தியில் எனக்கு முழு உடன்பாடு. இரண்டாவதில் இல்லவே இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

நான் முன்பு பார்த்துக்கொண்ட ஓர் இடத்தில் நீங்கள் சொல்கிற மாதிரியேதான் அமைத்திருந்தோம். அமைத்ததில் என் கையும் உண்டு. ஸ்விட்சுகள் உள்ளே ஒன்றையும் வைத்துக்கொள்ளாது, எழும்போது சர்வரைக் கேட்கும். ஒன்றரை வருடம் குறையே இல்லை. ஒரு நாள் இரவு முழுக் கட்டடத்துக்கும் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. ஸ்விட்சுகள் மூன்று நான்கு நிமிடத்தில் எழுந்துவிட்டன. டிஹெச்சிபியும் டிஎஃப்டிபியும் ஓடும் சர்வர், தன் ஸ்டோரேஜ் எழும் வரை காத்திருந்து இருபது நிமிடம் கழித்து எழுந்தது. அந்த ஸ்டோரேஜுக்கும் சர்வருக்கும் நடுவில் இருந்த ஸ்விட்சுக்கும் கான்ஃபிக் அதே சர்வரிலிருந்துதான் வர வேண்டும். ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு எல்லாம் உட்கார்ந்துவிட்டன. விடியற்காலை மூன்று மணிக்குக் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். மூன்றாவது மாடி ரேக்கின் முன் தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு விலேன்களை (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்) ஒவ்வொன்றாகக் கையால் அடித்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்றிலிருந்து என் நிலைப்பாடு: நெட்வொர்க்கிலிருந்து முதல் தடவை மட்டும் ஏற்றட்டும். ஏற்றியதும் உள்ளேயே சேமிக்கட்டும். அடுத்த தடவை யாரையும் கேட்காமல் தன் காலில் எழட்டும். நெட்வொர்க்கை எழுப்ப வேண்டிய பெட்டியே எழுவதற்கு நெட்வொர்க்கை நம்பி நிற்கக் கூடாது.


ரேக்42 | புதன், காலை 10:35

அந்தச் சுழல் எனக்கு நேர்ந்ததில்லை, ஆனால் நேரக்கூடியதுதான். எங்கள் சர்வருக்கான ஸ்விட்சுகளை மட்டும் ஆரம்பத்திலேயே விலக்கி வைத்திருந்தோம், அதனால் தப்பித்தோம் போல. கோர் ஸ்விட்சுகளுக்கும் சர்வர் ஸ்விட்சுகளுக்கும் உள்ளே சேமித்த கான்ஃபிக்தான் என்பதில் வாதமில்லை. விளிம்பில் இருப்பவற்றுக்கும் நீங்கள் சொல்வது போல் முதல் தடவை மட்டும் ஏற்றி, அப்புறம் மாற்றங்களைச் சர்வரிலிருந்து தள்ளுவது பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்கிறேன்.

நம்பிக்கைச் சிக்கலுக்கும் வழி வந்துவிட்டது. 2019-இல் வெளியான ஆர்எஃப்சி 8572 என்ற இணையத் தர ஆவணம் பாதுகாப்பான ஜீரோ டச் (கை படாமல் பெட்டியை அமைக்கும்) முறையை வரையறுக்கிறது. பெட்டிக்கு வரும் தொடக்கத் தகவலில் கையொப்பம் இருக்கும், இந்தப் பெட்டியின் உரிமையாளர் யார் என்று சொல்லும் வவுச்சரும் கூடவே வரும். பெட்டி தன் தயாரிப்பாளர் உள்ளே பதித்த சான்றிதழைக் கொண்டு அதைச் சரிபார்க்கும். 1992-இல் எழுதப்பட்ட டிஎஃப்டிபி விதிப்படி நடக்கும் பழைய வழியோடு இதை ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.


வேர்ப்பாலம் | புதன், மதியம் 1:15

நடுவில் ஸ்விட்சைப் பற்றி ஒரு சொல், ரவுட்டரிலிருந்து ஸ்விட்சுக்குப் போகிறவர்கள் இதில் ஏமாறுவார்கள்.

சிஸ்கோவின் பல கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகளில் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக் ஃப்ளாஷில் கான்ஃபிக்.டெக்ஸ்ட் என்ற கோப்பாக இருக்கும். ஆனால் விடிபி (விலேன் பட்டியலை ஸ்விட்சுகளுக்கிடையே பகிரும் முறை) சர்வர் மோடில் 1 முதல் 1005 வரையிலான விலேன்கள் அதில் கிடையாது! அவை விலேன்.டாட் என்ற தனிக் கோப்பில் இருக்கும். பழுதான ஒரு ஸ்விட்சை மாற்றியபோது நான் பழைய கான்ஃபிக்கை மட்டும் கொண்டுவந்து ஏற்றினேன். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரி. பெயர், ட்ரங்க் போர்ட்டுகள் (பல விலேன்களைச் சுமப்பவை), மேனேஜ்மெண்ட் முகவரி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் இந்த ஸ்விட்சின் வழியாகக் கடந்து போக வேண்டிய விலேன் 30 மட்டும் போகவில்லை. அதற்கு இந்த ஸ்விட்சில் ஒரு அக்சஸ் போர்ட்டும் (கணினி நேரடியாகச் சேரும் போர்ட்) இல்லை, ஒரு ட்ரங்கில் வந்து இன்னொரு ட்ரங்கில் போவது மட்டும்தான். தன் பட்டியலில் இல்லாத விலேனை ஸ்விட்ச் கடத்தாது. "ஷோ விலேன் பிரீஃப்" அடித்த பிறகுதான் பிடிபட்டது, 30 அங்கே இல்லவே இல்லை.

இப்போதெல்லாம் விடிபியை ட்ரான்ஸ்பரண்ட் மோடில் வைக்கிறேன். அதில் விலேன் வரிகள் கான்ஃபிக்கிலேயே வரும், ஒரே கோப்பைக் காப்பாற்றினால் போதும்.

இதன் மறுபக்கமும் உண்டு. "ரைட் இரேஸ்" கொடுத்தால் விலேன்.டாட் அழியாது. பயன்படுத்திய ஸ்விட்சை அப்படியே உங்கள் நெட்வொர்க்கில் செருகி, விடிபி டொமைன் பெயரும் பாஸ்வேர்டும் ஒத்துப்போய், அதன் ரிவிஷன் எண்ணும் (பட்டியல் எத்தனை தடவை மாறியது என்ற கணக்கு) அதிகமாக இருந்தால், விடிபி 1, 2 பதிப்புகளில் உங்கள் விலேன் பட்டியலையே அது மாற்றி எழுதிவிடும். அந்தக் கோப்பையும் அழித்துவிட்டுத்தான் செருக வேண்டும்.


பாக்கெட்வழி | புதன், மாலை 4:48

நான் பல தயாரிப்பாளர்களின் பெட்டிகளைப் பார்க்கிறவன். ஒவ்வொருவரும் "சேமிப்பது" என்ற சொல்லுக்கே ஒவ்வொரு பொருள் வைத்திருக்கிறார்கள்.

ஜூனிப்பரில் இந்த ரன்னிங், ஸ்டார்ட்டப் பிரிவே கிடையாது. வரைவில் திருத்துவீர்கள், "கமிட்" கொடுத்தால் அதுவே இயங்கும், அடுத்த தடவை எழும்போதும் அதுவே ஏறும். பழையவை 49 வரை இருக்கும், "ரோல்பேக்" கொடுத்துத் திரும்பலாம். எனக்கு மிகவும் பிடித்தது "கமிட் கன்ஃபர்ம்ட்". பத்து நிமிடத்துக்குள் இன்னொரு தடவை கமிட் கொடுத்து உறுதி செய்யாவிட்டால் மாற்றம் தானாகத் திரும்பிவிடும். தூரத்தில் இருக்கிற பெட்டியில் கை வைக்கும்போது இதைவிட நிம்மதி வேறில்லை.

மைக்ரோடிக்கில் என்டர் தட்டினாலே சேமித்த மாதிரிதான். எனவே தூரத்திலிருந்து வேலை செய்யும்போது கன்ட்ரோல் எக்ஸ் அடித்து சேஃப் மோடுக்குப் போய்விடுங்கள், இணைப்பு அறுந்தால் செய்ததைத் திருப்பிவிடும். விஒய்ஓஎஸ்ஸில் "கமிட்" கொடுத்தால் இயங்கும், ஆனால் "சேவ்" கொடுக்காவிட்டால் ரீபூட்டில் போய்விடும். ஜூனிப்பரில் பழகிய கை இங்கே தவறாமல் ஏமாறும். ஓபன்டபிள்யூஆர்டியில் "யூசிஐ செட்" மட்டும் கொடுத்தால் தற்காலிக இடத்தில் நிற்கும், "யூசிஐ கமிட்" கொடுத்தால்தான் ஃப்ளாஷில் எழுதும்.

ஹுவாவேயில் கவனிக்க வேண்டியது வேறு. பல கான்ஃபிக் கோப்புகள் உள்ளே இருக்கலாம், அடுத்த தொடக்கத்துக்கு எது என்று குறித்து வைத்ததைத்தான் எடுக்கும். "டிஸ்ப்ளே ஸ்டார்ட்டப்" அடித்தால் இப்போது எழுந்தது எந்தக் கோப்பில், அடுத்து எழப்போவது எந்தக் கோப்பில் என்று இரண்டையும் தனித்தனி வரியில் காட்டும். இரண்டும் வேறாக இருந்தால் காரணம் தெரியாமல் பெட்டியை விட்டு நகரக் கூடாது.


முதல்_ரவுட்டர் | புதன், இரவு 8:30

நான் கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது ஒரு பாடமே.

"நோ சர்வீஸ் கான்ஃபிக்" கொடுத்துச் சேமித்தேன், டிஎஃப்டிபி செய்தி நின்றுவிட்டது. இன்னொரு சந்தேகம் கேட்கலாமா? பாக்கெட்வழி சொன்ன "கமிட் கன்ஃபர்ம்ட்" போல சிஸ்கோவில் ஏதாவது உண்டா? என் பொறுப்பில் இன்னும் மூன்று ரவுட்டர்கள் இருக்கின்றன, எல்லாம் தூரத்தில்.


இரவுப்பணி | புதன், இரவு 9:05

உண்டு. பழைய வழி "ரீலோட் இன் 10". ஆபத்தான மாற்றத்துக்கு முன் இதைக் கொடுத்துவிட்டு, மாற்றத்தைச் சேமிக்காமல் செய்து பாருங்கள். இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் பெட்டி தானாக ரீபூட் ஆகி, பழைய ஸ்டார்ட்டப்போடு எழும். இணைப்பு நிலைத்தால் "ரீலோட் கேன்சல்" கொடுத்துவிட்டுச் சேமியுங்கள். கேன்சல் கொடுக்க மறந்தால் எல்லாரும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ரீபூட் ஆகிவிடும், கவனம்.

ரீபூட் இல்லாத வழியும் இருக்கிறது. முதலில் "ஆர்க்கைவ்" பகுதியில் பிரதிகள் எங்கே போக வேண்டும் என்று பாத் கொடுத்து வையுங்கள். பிறகு "கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 10" என்று கான்ஃபிக் மோடுக்குள் நுழையுங்கள். பத்து நிமிடத்தில் "கான்ஃபிகர் கன்ஃபர்ம்" கொடுக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். அதே ஆர்க்கைவில் "ரைட்-மெமரி" என்ற வரியையும் சேர்த்துவிட்டால், சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிரதி எண்ணோடு தனியாக விழும். 14 பிரதி வரை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தூரத்தில் இருக்கிற அந்த மூன்றில் "ரீலோட் இன்" கொடுப்பதற்கு முன் "ஷோ வெர்ஷன்" பாருங்கள். அதை ஒரு பாதுகாப்பு வலை என்று நினைத்துத்தான் கொடுக்கிறோம். அந்த வலை பிடித்திருப்பது ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்கை நம்பி. ரெஜிஸ்டர் 2142 ஆக இருக்கிற பெட்டியில் "ரீலோட் இன்" கொடுத்தால், பத்து நிமிடம் கழித்து முகவரியே இல்லாமல் எழும். அப்புறம் அங்கே ஆள் போனால்தான் உண்டு.


நீலக்கேபிள் | புதன், இரவு 9:22

கூடவே "ஷோ பூட்" அல்லது "ஷோ பூட்வார்" ஒன்றும் அடித்துவிடுங்கள், மாடலைப் பொறுத்து ஏதாவது ஒன்று வேலை செய்யும். "பூட் சிஸ்டம்" வரி சொல்கிற ஐஓஎஸ் கோப்பு ஃப்ளாஷில் உண்மையிலேயே இருக்கிறதா என்று "டிர் ஃப்ளாஷ்" கொடுத்துப் பொருத்திப் பாருங்கள். அப்கிரேடு செய்கிறவர்கள் இடம் போதாமல் பழைய கோப்பை அழித்துவிட்டு வரியைத் திருத்த மறந்துவிடுவது உண்டு. ஓடுகிற வரை தெரியாது, ஐஓஎஸ் ரேமில்தானே இருக்கிறது.


முதல்_ரவுட்டர் | வியாழன், இரவு 11:40

மூன்றையும் பார்த்துவிட்டேன். முதலிரண்டும் 2102. பூட் வரிகளும் ஃப்ளாஷில் உள்ள கோப்பும் பொருந்துகின்றன.

மூன்றாவதில் கடைசி வரியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. 2142. அப்டைம் 412 நாள். அத்தனை நாளும் ஒரு மின்வெட்டும் இல்லாமல் ஓடியிருக்கிறது. நாளைக்கே பவர் போயிருந்தால் அந்தக் கிளை முழுவதும் இருண்டிருக்கும், எனக்குக் காரணமும் தெரிந்திருக்காது.

நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். ஸ்டார்ட்டப், ரன்னிங் இரண்டையும் டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து ஒப்பிட்டேன். ரன்னிங்கில் ஒரு ஸ்டாடிக் ரூட்டும் (கையால் எழுதிய வழி) ஓர் ஏசிஎல்லின் மூன்று வரிகளும் கூடுதலாக இருந்தன, யாரோ போட்டுவிட்டுச் சேமிக்காமல் விட்டவை. அந்த ரூட் வழியாக இப்போதும் டிராஃபிக் போகிறது என்று உறுதி செய்துகொண்டு சேமித்தேன். "சர்வீஸ் கான்ஃபிக்" அதிலும் இருந்தது, எடுத்துவிட்டேன். ரெஜிஸ்டரை மாற்றியதும் "ஷோ வெர்ஷன்" அடைப்புக்குறிக்குள் அடுத்த ரீலோடில் 2102 என்று காட்டுகிறது.


இரவுப்பணி | வெள்ளி, காலை 6:50

மிக நன்று தம்பி. அந்த ஒப்பிடும் வேலையை நான் சொல்லவில்லை, நீங்களாகச் செய்தது பெரிய காரியம்.

ரீபூட் செய்து பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். 412 நாளாக அந்தப் பெட்டி எழுந்து காட்டவில்லை. அந்தப் பக்கம் கன்சோல் கேபிளோடு ஒருவர் நிற்கிற நேரமாகப் பார்த்து, நீங்களே நாள் குறித்து ரீலோட் கொடுங்கள்.


முதல்_ரவுட்டர் | ஞாயிறு, அதிகாலை 1:25

முடிந்தது அண்ணா. அந்தப் பக்கம் ஒரு நண்பர் கன்சோலில் உட்கார்ந்திருந்தார், ஃபோனில் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார். ரீலோட் கொடுத்ததிலிருந்து என் பக்கம் பிங் திரும்பி வர நான்கு நிமிடம் ஆனது. டயலாக் கேள்வி வரவில்லை, போர்ட்டுகள் தாமாக எழுந்தன, அந்த ஸ்டாடிக் ரூட்டும் இருக்கிறது. ரெஜிஸ்டர் இப்போது வெறும் 2102, அடைப்புக்குறி இல்லை.